வீட்டுக்கும் காருக்கும் கேமரா: எத்தனை, எங்கே, எந்த வகை?

திருச்சிப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பெங்களூரில் வேலை. அப்பாவும் அம்மாவும் திருச்சி கே.கே.நகர் பக்கம் தனி வீட்டில் இருக்கிறார்கள். 30க்கு 50 மனை, தரைத்தளம் மட்டும், கிழக்கு பார்த்த வாசல். எங்கள் கார் போர்ட்டிகோவில் நிற்கும். தங்கையும் மாப்பிள்ளையும் வந்தால் அவர்கள் கார் தெருவில், எதிர்வீட்டு காம்பவுண்டை ஒட்டி வேப்பமரத்தடியில் நிற்கும். போன தடவை அவர்கள் வந்திருந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு சைடு மிரரையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டில் நகையும் போயிருக்கிறது. அப்பா "கேமரா வைடா" என்று தினமும் போன்.

கடையில் கேட்டால் எட்டு சேனல் டிவிஆர் (எட்டு கேமரா வரை சேரும் பதிவுப் பெட்டி), எட்டு கேமரா, எல்லாம் 5 மெகாபிக்சல் என்று ஒரு கொட்டேஷன் தந்தார்கள். ஆன்லைனில் பார்த்தால் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வைஃபை கேமரா கிடைக்கிறது. எதை நம்புவது? பட்ஜெட் 30,000 வரை. கார்தான் முக்கியக் கவலை, அதைவிட அம்மா அப்பா.

வயர்மேன்_தஞ்சை

தம்பி, அந்தக் கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எட்டு சேனல் பெட்டியை நிரப்புவதற்காகப் போட்ட கணக்கு அது. வீட்டை நேரில் வந்து பார்த்தார்களா? பார்த்திருந்தால் எட்டு வந்திருக்காது.

இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேமரா ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேட்டில் வைப்பது "வந்தது யார்" என்பதற்கு, முகம் தெரியவேண்டும். போர்ட்டிகோவில் வைப்பது "காரை என்ன செய்கிறான்" என்பதற்கு. கார் முழுசாகத் தெரிந்தால் போதும், முகம் அங்கே இரண்டாம் பட்சம். கொல்லைப்புறக் கதவுக்கும் பக்கவாட்டுச் சந்துக்கும் சேர்த்து ஒன்று. நம் ஊரில் பெரும்பாலும் உள்ளே இறங்குவது அந்தச் சந்து வழியாகத்தான். ஏசி அவுட்டோர் யூனிட், தண்ணீர்க் குழாய் என்று கால் வைக்க எல்லாம் அங்கே இருக்கும். வேப்பமரத்தடிக்கு ஒன்று. ஆக நான்கு போதும்.

உயரம் எட்டு, ஒன்பது அடி. சிலர் கை எட்டக்கூடாது என்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மாட்டுவார்கள். அங்கிருந்து பார்த்தால் வந்தவனுக்கு வழுக்கை விழுந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும்.

நெட்வொர்க்_நந்து

நான்கு கேமரா சரி. ஆனால் டிவிஆர், கோஆக்சியல் (கேபிள் டிவி ஒயர் மாதிரி) எல்லாம் எதற்கு இந்தக் காலத்தில்? ஐபி கேமரா (நெட்வொர்க்கில் சேரும் வகை), பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரமும் தரும் பெட்டி), என்விஆர் (ஐபி கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி). ஒரே கேட்-6 நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும், 100 மீட்டர் வரை கவலையில்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் தனி டிசி பின், தனி எஸ்எம்பிஎஸ் (கேமராவுக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று தொங்கவிட வேண்டாம். ஓஎன்விஐஎஃப் (கம்பெனிகளுக்குப் பொதுவான இணைப்பு முறை) ஆதரவு இருந்தால் நாளைக்கு வேறு கம்பெனி கேமரா வாங்கினாலும் பழைய என்விஆரில் சேரும்.

வயர்மேன்_தஞ்சை

நந்து தம்பி சொல்வது தப்பில்லை. ஆனால் தரைத்தள வீடு, அதிகபட்சம் 20 மீட்டர் ஓட்டம், பெரியவர்கள் இருக்கிற இடம். ராத்திரி ஒன்று நின்றுபோனால் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் பையன் வந்து கோஆக்சியல் ஒயரின் பிஎன்சி முனையை மாற்றிப்போட்டுச் சரி செய்வான். பிஓஇ சுவிட்ச் போனால் அவன் கையைப் பிசைவான். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கும் பார்க்கவேண்டும்.

எதைப் போட்டாலும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள்தான் மலிவாக வருகிறது. வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். ஓட்டம் நீளமானால் அதில் வோல்டேஜ் இறங்கும். பகலில் கேமரா ஒழுங்காக ஓடும், ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பித்ததும் மின்சாரம் பற்றாமல் அணைந்து அணைந்து எரியும். கஸ்டமர் கேமராவைத் திட்டுவார். கோளாறு ஒயரில் இருக்கும்.

லென்ஸ்மாமா

மெகாபிக்சல் பேச்சு வந்துவிட்டதால் ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், பணம் மிச்சம்.

அறிமுகமில்லாத ஒருவரை "இவர்தான்" என்று அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் விழவேண்டும் என்பது இந்தத் துறையில் புழங்கும் அளவு. ஏற்கெனவே தெரிந்த ஆளை "அட, நம்ம இவர்" என்று சொல்ல 125 போதும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும் என்றால் 25.

கடையில் எடுத்துத் தரும் சாதாரண புல்லட் கேமராவில் பெரும்பாலும் 2.8 மிமீ லென்ஸ். பார்வை அகலம் சுமார் 105 டிகிரி. 2 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 1,920 பிக்சல். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைப் பார்க்கும்போது அந்தப் படத்தின் அகலம் கிட்டத்தட்ட 7.8 மீட்டர். 1,920ஐ 7.8ஆல் வகுத்தால் 246. அதாவது முகம் அடையாளம் தெரிவது மூன்று மீட்டர் வரைதான். ஆறு மீட்டரில் அது பாதியாகிவிடும்.

சரி, 5 மெகாபிக்சல் போடுவோம் என்பார்கள். அதில் பொதுவாகக் குறுக்கே 2,560 பிக்சல். அதே லென்ஸில் அதே 250 கிடைப்பது 3.9 மீட்டரில். மெகாபிக்சல் இரண்டரை மடங்கு ஏறியது, முகம் தெரியும் தூரம் ஒரு மீட்டர்கூட ஏறவில்லை. சென்சார் அளவு அதேயாக இருந்தால் பிக்சல் ஒவ்வொன்றும் சின்னதாகி, இருட்டில் படம் இன்னும் பொரிப் பொரியாக வரும்.

அதற்குப் பதில் அதே 2 மெகாபிக்சலில் 6 மிமீ லென்ஸ் கேளுங்கள். பார்வை சுமார் 52 டிகிரிக்குக் குறுகும். ஆனால் மூன்று மீட்டரில் கிடைத்த தெளிவு எட்டு மீட்டரில் கிடைக்கும். விலை வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இருக்காது. கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்பார். இரண்டு நாள் பொறுத்து வரவழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு: போர்ட்டிகோவுக்கும் சந்துக்கும் 2.8. கேட்டுக்கு, கேமராவிலிருந்து கேட் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துவிட்டு 4 அல்லது 6. வேப்பமரத்துக்குக் கண்டிப்பாக 6.

கீரனூர்_குசும்பன்

மாமா, குரங்குக் குல்லா போட்டு வந்தால் 250 பிக்சலிலும் குல்லாவின் பின்னல்தான் தெளிவாகத் தெரியும்.

லென்ஸ்மாமா

தெரியட்டுமே. குல்லாவைத் தெருமுனையிலிருந்தே போட்டுக்கொண்டு வரமாட்டான், கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் போடுவான். அதனால்தான் தெருவைப் பார்க்கிற கேமரா முக்கியம் என்கிறேன். எந்தப் பக்கமிருந்து வந்தான், வண்டியை எங்கே நிறுத்தினான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்பது தெரிந்தால் போலீஸ் அடுத்த கேமராவுக்குப் போவார்கள், அங்கிருந்து அதற்கு அடுத்தது. சென்னையில் "மூன்றாவது கண்" என்று தெருத் தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னதும் இதற்குத்தான்.

சுமதி_ஸ்ரீரங்கம்

எல்லோரும் கேமராவையே பேசுகிறீர்கள். கேமரா திருடனைப் பிடித்து நிறுத்தாது, அவன் போன பிறகு படம் காட்டும். அவ்வளவுதான். தம்பி, அம்மா அப்பா என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் தூங்கும்போது கொல்லைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா? கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டுப் போடுகிறார்களா? சந்தில் விளக்கு இருக்கிறதா? சென்சார் வைத்த எல்இடி விளக்கு ஒன்று சந்தில், ஒன்று போர்ட்டிகோவில். ஆள் வந்தால் பளீரென்று எரியும். கள்ளனுக்கும் பயம், கேமராவுக்கும் வெளிச்சம்.

இன்னொன்று. எங்கள் உறவுக்காரர் வீட்டில் கேமரா இருந்தது. வந்தவர்கள் பீரோவை உடைத்தார்கள், போகும்போது டிவி ஸ்டாண்டில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்த டிவிஆரையும் ஒயரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்து "ஃபுட்டேஜ்?" என்று கேட்டபோது காட்டுவதற்குச் சுவரில் இரண்டு ஓட்டைதான் மிச்சம்.

வயர்மேன்_தஞ்சை

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பேப்பரில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது "சிசிடிவி ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர்" என்று முடியும். பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வது கஸ்டமர்தான். டிவியில் பார்க்க வசதி என்று. பரணில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒரு எச்டிஎம்ஐ ஒயரை மட்டும் கீழே இறக்கினால் போதும். காற்றோட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மே மாதத் திருச்சியில் பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதைவிட நல்லது படுக்கையறை லாஃப்ட்டில் ஒரு சின்ன இரும்புக் கூண்டு, பூட்டோடு.

கேட் கேமராவை மட்டும் மெமரி கார்டு போடுகிற ஐபி வகையாக வாங்கிவிடுங்கள். இப்போது வரும் டிவிஆர்களில் ஒன்றிரண்டு ஐபி கேமராவையும் சேர்க்க முடிகிறது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி போனாலும் அந்த ஒரு கேமராவின் பதிவு அதன் வயிற்றிலேயே இருக்கும். கிளவுட் சந்தா கட்ட மனமிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டலாம், எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

அப்புறம் இபி பாக்ஸ். நம் வீடுகளில் மீட்டரும் ஃபியூஸ் கட்டையும் வெளிச்சுவரில், கேட்டைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கட்டையை உருவினால் மொத்த வீடும் இருட்டு. இன்வெர்ட்டர் லைனில் டிவிஆர், கேமரா எஸ்எம்பிஎஸ், இண்டர்நெட் ரவுட்டர் மூன்றும் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து 40 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும், ஒரு ஃபேன் அளவு கூட வராது. ரவுட்டரை மறந்துவிடுவார்கள், அது அணைந்தால் பெங்களூரில் இருக்கிற உங்கள் போனுக்கு ஒன்றும் வராது.

திருச்சிப்பையன்

ரொம்ப நன்றி. ஃபியூஸ் கட்டை விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டிலும் கேட்டுக்கு வலப்பக்கம்தான் அது.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு போடலாம்? கடைக்காரர் 500 ஜிபி போதும் என்கிறார். காருக்குள் டாஷ்கேம் வைத்தால் வீட்டு கேமராவே தேவையில்லை என்று மாப்பிள்ளை சொல்கிறார், அதுவும் சரியா?

நெட்வொர்க்_நந்து

டிஸ்க் கணக்கு எளிது. எச்.265ல் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை) 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமரா 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் சொச்சம் நிற்கும், 500 ஜிபியில் ஐந்தாறு நாள். பழைய எச்.264ல் விட்டுவிட்டால் இதில் பாதி நாள்தான். குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போய்வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால், முதல் இரண்டு மூன்று நாளில் நடந்தது 500 ஜிபியில் இருக்காது. 2 டிபி போடுங்கள். கம்ப்யூட்டருக்கு வரும் சாதாரண டிஸ்க் வேண்டாம். கண்காணிப்புக்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டலில் ஊதா (பர்ப்பிள்) வரிசை, சீகேட்டில் ஸ்கைஹாக் என்று வருகிறதே, அது. 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தது.

டாஷ்கேம்_தாஸ்

மாப்பிள்ளை பாதி சரி. நிறுத்தி வைத்த காரில் டாஷ்கேம் வேலை செய்ய பார்க்கிங் மோட் வேண்டும், அதற்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஹார்ட்வயர் கிட் வழியாக மின்சாரம் எடுக்கவேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் பெரும்பாலான கார்களில் வண்டியை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும். ஒயரை வெட்டி ஒட்டும் ஆளிடம் கொடுக்காதீர்கள், வாரண்டிக்கு ஆபத்து. ஃபியூஸ் டேப் (ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் இடத்தில் சொருகும் இணைப்பு) போடுகிற ஆளாகப் பாருங்கள்.

பார்க்கிங் மோடில் கேமரா சுமார் 4 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 8 ஆம்பியர்-அவர். சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டு நாள் காரை எடுக்காமல் விட்டால் பாதி பேட்டரி காலி, மூன்றாம் நாள் காலையில் தள்ளவேண்டியதுதான். அதனால் கிட்டில் வோல்டேஜ் கட்ஆஃப் (பேட்டரி இறங்கினால் தானே துண்டிக்கும் வசதி) இருக்கவேண்டும், அதை 12.2 வோல்ட்டுக்கு வையுங்கள், கீழே வேண்டாம். அப்படி வைத்தால் ஒரு ராத்திரிக்கு நிற்கும், வாரக்கணக்கில் நிற்காது.

இன்னொரு விஷயம் வெயில். மூடிய காருக்குள் மே மாதத்தில் கண்ணாடியை ஒட்டிய இடம் கொதிக்கும். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த டாஷ்கேம் உப்பிவிடும். கெப்பாசிட்டர் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். மெமரி கார்டும் ஹை-எண்டியூரன்ஸ் (விடாமல் எழுதுவதைத் தாங்கும்) என்று எழுதியிருப்பது.

கடைசியாக: டாஷ்கேம் முன்னால் பார்க்கும், ரியர் கேமரா இருந்தால் பின்னால் பார்க்கும். உங்கள் மிரர் போனது பக்கவாட்டில். அதை அது பார்த்தே இருக்காது. போர்ட்டிகோ கேமராவுக்கு டாஷ்கேம் மாற்று இல்லை. ரோட்டில் இடித்துவிட்டுப் போகிறவனுக்குத்தான் அது.

திருச்சிப்பையன்

புரிந்தது. மாப்பிள்ளையின் புது கார் சாவி பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும் வகை. அதற்கு ஏதாவது?

டாஷ்கேம்_தாஸ்

சாவியின் சிக்னலைக் கருவி வைத்து நீட்டித்துக் காரைத் திறப்பது வெளிநாட்டில் சாதாரணமாகிவிட்ட திருட்டு. சாவியை வாசல்பக்க ஆணியில் மாட்டாமல் உள்ளறையில் வைக்கச் சொல்லுங்கள். சிக்னல் தடுக்கும் பை விற்கிறார்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவும் சில சமயம் போதும். சாவியை டப்பாவில் போட்டு மூடிக் கையில் எடுத்துக்கொண்டு கார் கதவைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் டப்பாவை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காவிரிக்கரை

ராத்திரியில் வண்டி நம்பர் தெரியுமா தெரியாதா? அதைச் சொல்லுங்கள் யாராவது. எங்கள் வீட்டு கேமராவில் எந்த பைக்கைப் பார்த்தாலும் நம்பர் பிளேட் இருக்கிற இடத்தில் வெள்ளைக் கட்டம்தான் தெரிகிறது.

லென்ஸ்மாமா

அது கேமரா கோளாறில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அடிக்கும் பூச்சோடு. கேமராவின் இன்ஃப்ராரெட் போய் முட்டி அப்படியே லென்ஸுக்குத் திரும்புகிறது, பிளேட் வெளுத்துவிடுகிறது. கேமராவின் ஐஆர் பவரைக் குறைத்தும் ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பாருங்கள், மெனுவில் இருக்கும். ஷட்டரைக் கூட்டினால் மற்றதெல்லாம் கறுத்துவிடும். அதனால் நம்பருக்கென்று ஒரு கேமரா வைத்தால் அது நம்பருக்கு மட்டும்தான்.

கார் பிளேட்டில் எழுத்து உயரம் 65 மிமீ. 250 பிக்சல் கணக்கில் அது 16 பிக்சல் உயரம் வரும், படித்துவிடலாம். பைக்கின் பின்பக்க எழுத்து 35, 40 மிமீதான். ஒன்பது, பத்து பிக்சல். அதுவும் ஓடும் வண்டி என்றால் கோடுதான். பைக் நம்பர் வேண்டுமானால் கிட்டத்தில், குறுகிய பார்வை லென்ஸில், தாழ்வாக ஒரு கேமரா வேண்டும். தனி வீட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. வண்டியின் நிறமும் மாடலும் நேரமும் கிடைத்தாலே பெரிய விஷயம்.

வாசல் விளக்கை விடிய விடிய எரியவிட முடிந்தால் கலர் நைட் விஷன் கேமரா போடுங்கள். சட்டை நிறம் கிடைக்கும். கறுப்பு வெள்ளை ஐஆர் படத்தில் கறுப்புச் சட்டைகூட வெள்ளையாகத் தெரியும், துணியைப் பொறுத்து. சாட்சி சொல்லும்போது இதில் ஏமாந்துவிடக் கூடாது.

வக்கீல்_புதுக்கோட்டை

சாட்சி என்றதும் வந்துவிட்டேன். நடைமுறையில் பார்க்கிற மூன்று சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நேரம். டிவிஆர் கடிகாரம் நாற்பது நிமிஷம் தள்ளி ஓடும், சிலதில் வருஷமே தப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பின்வாங்கிவிடும். இண்டர்நெட் வழியாக நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்டிபி வசதியை ஆன் செய்துவையுங்கள்.

இரண்டு, பலர் டிவியில் ஓடுவதைச் செல்போனில் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பிவிட்டு "ஆதாரம் கொடுத்துவிட்டோம்" என்று இருந்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 65பி) மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திடவேண்டும், ஹேஷ் மதிப்பும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்கவேண்டும். அதனால் டிவிஆரிலிருந்து பென்டிரைவில் அதன் சொந்த வடிவத்திலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், மூலப் பதிவு அழியாமல் டிஸ்க்கை வையுங்கள்.

மூன்று, எதிர்வீடு. உங்கள் வேப்பமரக் கேமரா அவர்கள் வாசலையும் பார்க்கும். முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஜன்னலும் படியும் வரும் பகுதியை மெனுவில் பிரைவசி மாஸ்க் போட்டுக் கறுப்பாக்கி, அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். பெண்கள் குளிக்கும், உடை மாற்றும் இடம் படத்தில் வந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் போய் நிற்கும். வீட்டுக்குள்ளேயும் கவனம்: கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் மற்றவர் சம்மதமில்லாமல் கேமரா வைக்கமுடியாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

சுமதி_ஸ்ரீரங்கம்

ஹாலில் வைஃபை கேமரா வைத்து அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் தம்பி. அம்மா நைட்டியோடு உட்கார்ந்து பூ கட்டுகிற இடம் அது.

திருச்சிப்பையன்

அக்கா, அதை யோசித்ததென்னவோ நிஜம். கேட்டேன். அம்மா உடனே வேண்டாம் என்றுவிட்டார்கள். வைக்கப் போவதில்லை.

நெட்வொர்க்_நந்து

பாஸ்வேர்டு பற்றி யாரும் பேசவில்லை. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க கேமராக்களையும் டிவிஆர்களையும் கூலிப்படையாக்கி, பெரிய பெரிய வெப்சைட்டுகளைச் சாய்த்தது. அது உள்ளே நுழைந்தது பெரிய வித்தையால் இல்லை. கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். மாட்டுகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒரே பாஸ்வேர்டு வைப்பார். அவர் கிளம்பிய அன்றே மாற்றுங்கள், ஆப்பில் அவர் போனுக்குக் கொடுத்த அனுமதியையும் நீக்குங்கள்.

2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மாடல் நம்பரைக் கேட்டு, அந்தச் சான்று அதே மாடலுக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங் (இண்டர்நெட்டிலிருந்து நேரே டிவிஆருக்கு வழி திறப்பது) செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். டிவிஆரின் லாகின் பக்கத்தைத் தெருவில் விரித்து வைப்பதுதான் அது. தவிர நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரியும் கிடைப்பதில்லை, அதனால் வேலையும் செய்யாது. கம்பெனி ஆப் போதும். கொஞ்சம் கைவேலை தெரிந்தால் வயர்கார்டு விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி).

காவிரிக்கரை

வைஃபை கேமராவை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்களே. வாடகை வீட்டில் இருப்பவன் சுவரைத் துளைக்க முடியுமா?

வயர்மேன்_தஞ்சை

வாடகைக்கு அதுதான் சரி, யார் வேண்டாம் என்றது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒன்பதங்குலச் சுவர் ஒன்றுக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இணையுங்கள். ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கேமராவை வாசலுக்கு வைக்காதீர்கள். யாராவது போனில் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சம்பவம் நடக்கும்போது அது தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கீரனூர்_குசும்பன்

தேங்காய் திருடினால் மாட்டுவான்.

திருச்சிப்பையன்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஊருக்குப் போய் ஆள் வைத்து மாட்டியாகிவிட்டது. போர்ட்டிகோ, சந்து இரண்டும் 2.8 மிமீ, 2 மெகாபிக்சல் அனலாக் (டிவிஆரில் கோஆக்சியல் ஒயரில் சேரும் வகை). வேப்பமரம் 6 மிமீ. கேட்டுக்கு 4 மிமீ ஐபி கேமரா, மெமரி கார்டோடு. 2 டிபி டிஸ்க். பெட்டி படுக்கையறை லாஃப்ட்டில் கூண்டுக்குள். எல்லாம் இன்வெர்ட்டரில், ரவுட்டர் உட்பட. சந்தில் சென்சார் விளக்கு. மொத்தம் பட்ஜெட்டுக்குள் முடிந்தது. கொல்லைக்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் அதிலேயே.

ராத்திரி பத்து மணிக்கு அப்பாவைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கேட்டிலிருந்து வேப்பமரம் வரை நடக்கச் சொல்லிப் பார்த்தோம். கேட்டில் முகம் நன்றாக வந்தது. மரத்தடியில் ஆள் அப்பாதான் என்று எங்களுக்குத் தெரிகிறது, தெரியாதவர்களுக்குத் தெரியாது. மரத்தின் கிளை தெருவிளக்கை மறைக்கிறது. எதிர்வீட்டு மாமாவிடம் கேட்டுக் கிளையைக் கழிக்கச் சொல்லியிருக்கிறோம். மாஸ்க் போட்ட படத்தைக் காட்டியதும் அவர் "எங்க கேட்டை மட்டும் மறைக்காம விடுங்க தம்பி, எங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார்.

ஒரு தொல்லை: ராத்திரி முழுக்க அப்பா போனில் அலர்ட். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை.

வயர்மேன்_தஞ்சை

எட்டுக்கால்பூச்சி. ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸ் முன்னாலேயே வலை பின்னும். காற்றில் ஒரு இழை ஆடினால் போதும், கேமராவுக்கு அது ஆள். மாதம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியில் மெல்லிய துணி சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். மெனுவில் மோஷன் அலர்ட்டை நிறுத்திவிட்டு மனிதர், வாகனம் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், மரம் வரும் பகுதியை நீக்கிவிட்டு கேட் தரையில் மட்டும் கட்டம் போடுங்கள். அலர்ட் நேரம் ராத்திரி பதினொன்றிலிருந்து ஐந்து வரை போதும். பால்காரர் ஐந்தரைக்கு வருவார் இல்லையா?

திருச்சிப்பையன்

ஐந்தே காலுக்கு. ஐந்து வரை வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி ஒரே ஒரு அலர்ட், அது எதிர்வீட்டு மாமாவே. நாயைத் துரத்தக் குச்சியோடு வந்திருக்கிறார்.

சுமதி_ஸ்ரீரங்கம்

நல்லது தம்பி. பொங்கலுக்கு எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது கிளம்பினால் ஸ்டேஷனில் வீடு பூட்டியிருக்கும் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். லாஃப்ட் கூண்டின் சாவியை மட்டும் வாசல் ஆணியில் மாட்டவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.